மலைக்கும் உண்டு ஒரு சர்வே நம்பர்!

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



நம் ஆண்டு மலர் என்றாலே கவிதை, நகைச்சுவைத் துணுக்கு, விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புலம்பல் என்று பக்கங்கள் நிறைந்துவிடும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறண்ட விஷயம் போலத் தெரியலாம். ஊராட்சி, வனத்துறை, சர்வே நம்பர், தீர்மானம், அரசாணை! உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு ஐந்து நிமிடம் பொறுத்துப் படித்தால், இது நம் பிழைப்போடும் நம் ஊரோடும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது புரியும்.

நாம் டிப்ளமோ முடித்து எங்கே போகப் போகிறோம்? சிலர் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர் ஆவோம். சிலர் நில அளவைத் துறைக்கும், சிலர் நீர்வளத்துறைக்கும் போவோம். சிலர் ரோடு காண்ட்ராக்டரிடமோ குவாரியிலோ சேருவோம். எங்கே போனாலும் தரையில் கோடு போடுகிற வேலை நம்முடையதுதான். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஒரு மலையும், மலையை நம்பி ஒரு கண்மாயும், கண்மாயை நம்பி ஒரு ஊரும் இருக்கலாம். அதை யார் காப்பாற்ற வேண்டும்? ‘வனத்துறைதான், வேற யாரு?’ என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

யாருக்கு எது சொந்தம்?

ஒரு சாதாரணக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு வடக்கே ஒரு கரடு. அதன் அடியில் ஒரு கண்மாய். கரட்டில் அழுங்கு இருக்கிறது, தேவாங்கு இருக்கிறது, பாறை இடுக்கில் வல்லூறு கூடு கட்டியிருக்கிறது.

அழுங்கை யாராவது பிடித்தால் வனத்துறை வழக்குப் போடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்தப் பிராணி காட்டுக்குள் இருந்தாலும் சரி, காட்டுக்கு வெளியே இருந்தாலும் சரி, அதை வேட்டையாடுவது குற்றம். ஆனால் அது நடமாடுகிற கரடு காப்புக்காடாக இல்லாவிட்டால், அந்த நிலம் வனத்துறையின் கையில் இல்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது பாறைப் புறம்போக்கு என்றோ, தரிசு என்றோ ஒரு சர்வே நம்பரோடு எழுதப்பட்டிருக்கும். அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று முடிவு செய்கிற ஃபைல் வேறொரு ஆபீசில் இருக்கும்.

கண்மாய்க்கு வருவோம். 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறை பார்க்கும். அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை வருவாய்த்துறைக் கணக்கில் இருக்கும். பாறைக்குள்ளே கனிமம் இருந்தால் அதற்குக் கனிமவளத்துறை.

ஆக, பிராணி ஒரு துறைக்கு, அது நிற்கிற மண் ஒரு துறைக்கு, குடிக்கிற தண்ணீர் ஒரு துறைக்கு, காலடிக்குக் கீழே இருக்கும் கல் இன்னொரு துறைக்கு! அழுங்குக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ராத்திரியில் கறையான் தேடிப் போய்க்கொண்டிருக்கும்.

இத்தனை துறைகளில் எதற்குமே அந்த ஊரில் குடியிருப்பு கிடையாது. தினமும் மலையைப் பார்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் பறவை அடைகாக்கும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, மழை பெய்தால் எந்த ஓடை முதலில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டப்படி இருக்கிற அமைப்புதான் ஊராட்சி.

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. மண்வளப் பாதுகாப்பு, சிறுபாசனம், நீர்ப்பிடிப்பு மேம்பாடு, சமூகக் காடு வளர்ப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் ஊராட்சி என்றால் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை என்று மட்டும் நினைக்கிறோம். என் சித்தப்பாவைப் போனமுறை கிராம சபைக்குக் கூப்பிட்டபோது, “தெருவிளக்கு எரியுதுல்ல, அப்புறம் எதுக்குப்பா கூட்டம்?” என்றார். நிறையப் பேருடைய எண்ணம் இதுதான்.

ஊர் தட்டக்கூடிய மூன்று கதவுகள்

ஊர்க்காரர்களுக்கு அறிவு இருக்கிறது. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் இல்லை. வனத்துறைக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊர் ஊருக்கு ஆள் இல்லை. இரண்டையும் சேர்ப்பதற்குச் சட்டத்திலேயே வழிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

முதல் கதவு, சரணாலயம். அரசு முதலில் தன் எண்ணத்தை அறிவிக்கும். பிறகு அந்த நிலத்தில் யார் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கலெக்டர் விசாரிப்பார். அதன்பின் சரணாலயம் என்று அறிவிப்பு வரும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி இதற்கு ஓர் உதாரணம். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாயின. அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதை நாம் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். சட்டம் போட்டது அரசு. அதற்கு உயிர் கொடுப்பது ஊர்.

இரண்டாவது கதவு, பாதுகாப்புக் காப்பகம். வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தால் வந்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை, ஊர் மக்களைக் கலந்து பேசி அறிவிக்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் வனத்துறை, விவசாயத்துறை, கால்நடைத்துறை ஆட்களோடு, அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலிருந்தும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக இப்படி அறிவிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம் திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் திருப்புடைமருதூர்! ஊர் மரங்களில் வந்து கூடு கட்டும் கொக்கு, நாரைகளுக்காக 2005-இல் அறிவித்தார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. பாதுகாக்க வேண்டும் என்றால் பெரிய காடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது கதவு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். இது 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தில் வருகிறது. 37-ஆவது பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு இதை அறிவிக்கலாம். 41-ஆவது பிரிவு, உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவின் முக்கியமான வேலை, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. சரணாலயத்தில் இருப்பது போன்ற கட்டுப்பாடுகள் இதில் இல்லை. மக்கள் காலம் காலமாகச் செய்துவரும் மேய்ச்சல், வழிபாடு போன்ற வழக்கங்களுக்கு, அவர்களாகவே ஏற்றுக்கொண்டால் ஒழிய, தடை போடுவது இதன் நோக்கமில்லை.

இந்த மூன்றாவது கதவைத் தமிழ்நாட்டில் முதலில் திறந்த ஊரைப் பற்றித்தான் இனிமேல் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அரிட்டாபட்டி

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், மேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. சுற்றிலும் ஏழு குன்றுகள். 2022 நவம்பர் 22 அன்று, அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 477 ஏக்கர். இதில் அரிட்டாபட்டியின் பங்கு ஏறத்தாழ 140 ஹெக்டேர், மீதி மீனாட்சிபுரத்தினுடையது.

அங்கே என்ன இருக்கிறது? அரசு தந்த கணக்குப்படி சுமார் 250 வகைப் பறவைகள். அவற்றில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய மூன்றும் முக்கியமான வேட்டைப் பறவைகள். கூடவே அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. ஏழு குன்றுகளிலிருந்து வடியும் தண்ணீருக்கு 72 ஏரி, குளங்களும், 200 இயற்கைச் சுனைகளும், 3 தடுப்பணைகளும் உண்டு. பாண்டியர் காலத்தில் கட்டிய ஆனைகொண்டான் கண்மாய் இவற்றில் ஒன்று.

சரித்திரமும் குறைவில்லை. சமணர் படுக்கைகள், தமிழி எழுத்துக் கல்வெட்டுகள், பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில், அதில் லகுலீசர் சிற்பம் என்று ஒரே ஊரில் இரண்டாயிரம் வருடம் அடுக்கடுக்காக இருக்கிறது. மீனாட்சிபுரம் மலையில்தான் நெடுஞ்செழியன் பெயர் வரும் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள் உள்ளன.

மேலூர் வட்டாரம் கிரானைட்டுக்குப் பேர் போன இடம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கே நடந்த கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களை நியமித்தது. குன்றுகள் கண் முன்னால் கட்டை கட்டையாக அறுபட்டு லாரி ஏறுவதைப் பார்த்த வட்டாரம் அது. அப்படிப்பட்ட இடத்தில் ஏழு குன்றுகள் முழுசாக நிற்பதே பெரிய விஷயம்!

ஒரு சின்னக் கணக்கு

நாம் சிவில் பிரிவுக்காரர்கள். கணக்கு இல்லாமல் பேசினால் நமக்கு அழகில்லை. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அப்படியானால் 193 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1 கோடியே 93 லட்சம் லிட்டர்! 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 1,930 லாரி.

இதில் ஒரு பகுதி பாறை வெடிப்பில் இறங்கிச் சுனையாக வரும். ஒரு பகுதி மண்ணில் ஊறும். மற்றது ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு. இப்படித்தான் நம் முன்னோர்கள் சங்கிலிபோலக் கண்மாய்களை அமைத்தார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, மலை. மலையை அறுத்துவிட்டுக் கீழே எத்தனை கோடி செலவழித்துக் குடிமராமத்து செய்தாலும் கண்மாய்க்கு எங்கேயிருந்து தண்ணி வரும்?

ஆகவே வல்லூறைக் காப்பாற்றுவது வேறு, விவசாயத்தைக் காப்பாற்றுவது வேறு என்று பிரிக்க முடியாது. வல்லூறு உட்கார்ந்திருக்கிற பாறையும், நம் வயலுக்குத் தண்ணி தருகிற பாறையும் ஒன்றுதான். வனத்துறையும் ஊராட்சியும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

2024: சோதனை வந்தது

அறிவிப்பு வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை.

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு டங்ஸ்டன் தெரியாமல் இருக்காது. நம் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் மாட்டுகிற கார்பைடு டிப் அதிலிருந்து வருவதுதான். நாட்டுக்குத் தேவையான உலோகம், சந்தேகமில்லை. 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 7 அன்று, மதுரை மாவட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அந்தத் தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். சுமார் ஐயாயிரம் ஏக்கர்! அதற்குள்ளேயே அரிட்டாபட்டிப் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது.

பாருங்கள், ஒரே நிலம். மாநிலத்தின் ஒரு வரைபடத்தில் அது பாதுகாக்க வேண்டிய தலம். மத்திய அரசின் இன்னொரு வரைபடத்தில் அது கனிமத் தொகுதி. இரண்டு வரைபடமும் நம்மைப் போலப் படித்தவர்கள் வரைந்ததுதான்.

அதன்பிறகு நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைக் கூட்டங்களில் அரிட்டாபட்டியும் சுற்று வட்டார ஊராட்சிகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய சுரங்கத்துறை, பல்லுயிர்த் தலப் பகுதியை விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று மறுபடி ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைக் கேட்டுக்கொண்டது. மக்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகருக்குள் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தையே ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

‘பாரம்பரியத் தலத்தைத்தான் விட்டுவிடுகிறோம் என்றார்களே, அப்புறம் ஏன் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை?’ என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 193 என்பது 2,015-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கில்தான் வயலும், கண்மாயும், வீடும், கோயிலும் இருக்கின்றன. நடுவில் ஒரு மலையை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினால், அந்த மலையில் பெய்த மழை எங்கே போகும்? பறவை எங்கே இரை தேடும்? எல்லைக் கல்லோடு எல்லாம் நின்றுவிடுவதில்லை.

கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன பலம்?

இதில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராம சபைத் தீர்மானம் என்பது கோர்ட்டுத் தடை உத்தரவு போன்றது அல்ல. பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் மாநிலங்களில் கிராம சபைக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி எதுவும் இல்லை. நம் ஊர்த் தீர்மானத்தை வைத்து மட்டும் ஒரு சுரங்கத்தை நிறுத்திவிட முடியாது.

அப்புறம் அதற்கு என்னதான் மதிப்பு? அது ஒரு சாட்சி. ‘இந்த நிலம் சும்மா கிடக்கவில்லை, இன்னின்ன சர்வே நம்பரில் இன்னின்ன இருக்கிறது, இதை நாங்கள் இன்ன தேதியில் சொல்லிவிட்டோம்’ என்று அரசாங்கப் பதிவில் ஏறிய சாட்சி. பாரம்பரியத் தலம் என்று கேட்பதற்கும் அதுதான் அஸ்திவாரம். பின்னால் கலெக்டரிடமோ, கோர்ட்டிலோ, டெல்லியிலோ பேசும்போது கையில் காட்டுவதற்கும் அதுதான் ஆவணம். அரிட்டாபட்டியில் 2022-இன் அறிவிப்பு முன்பே இருந்ததால்தான், 2024-இல் ‘இது வெறும் புறம்போக்கு’ என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. மதுரை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். டங்ஸ்டன் போராட்டத்தின் நடுவிலேயே இது நடந்தது. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். பதிவேட்டில் எழுதியது நிற்கும்.

ஒருங்கிணைப்பு ஏன் நடப்பதில்லை?

எனக்குத் தெரிந்தவரை மூன்று தடைகள்.

முதலாவது, பயம். வனத்துறை என்றாலே ஊரில் ஒரு கலக்கம். ‘அவங்க உள்ள வந்தா ஆடு மேய்க்க விடமாட்டாங்க, சாமி கும்பிட விடமாட்டாங்க, விறகு பொறுக்க விடமாட்டாங்க’ என்ற பேச்சு வரும். இந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று கதவுகளுக்கும் வித்தியாசம் தெரிந்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்று ஊரே முடிவு செய்யலாம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் காசம்பட்டியில் வீரகோயில் காடு என்று ஒரு கோயில் காடு இருக்கிறது. சாமிக்குப் பயந்து மரம் வெட்டாமல் மக்களே காப்பாற்றி வந்த காடு. 4.97 ஹெக்டேர்தான். 2025-இல் அது மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சாமியையும் யாரும் அப்புறப்படுத்தவில்லை, சட்டமும் துணைக்கு வந்தது.

இரண்டாவது, வரைபடம். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு வரைபடம் வைத்திருக்கிறது. போன வருடம் எங்கள் சர்வே கேம்பில் ஒரு சிறு கண்மாயை அளந்தோம். எஃப்.எம்.பி. வரைபடத்தில் வரத்துக்கால் இரண்டு கோடாகப் பளிச்சென்று இருந்தது. தரையில் போய்ப் பார்த்தால் வேலிக்காத்தான் புதர்! டோட்டல் ஸ்டேஷனை வைத்து மட்டம் எடுத்தபோதுதான் பள்ளம் எங்கே போகிறது என்று பிடிபட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல், “இந்தா, இப்படித்தான் தம்பி தண்ணி போகும்” என்று கம்பை நீட்டிக் காட்டினார். எங்கள் ரீடிங்கும் அவர் கம்பும் ஒரே திசையைக் காட்டின! ஊர் அறிவையும் வரைபடத்தையும் ஒன்று சேர்த்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது, மொழி. ஊர்க்காரர் ‘எங்க மலையைக் காப்பாத்துங்க’ என்று மனு எழுதுவார். ஆபீசில் ‘எந்த மலை? கிராமம்? சர்வே நம்பர்? உட்பிரிவு? பரப்பு?’ என்று கேட்பார்கள். பதில் இருக்காது. மனு அப்படியே கட்டுக்குள் போய்விடும். உணர்ச்சி இருக்கிற இடத்தில் எண் இல்லை. எண் இருக்கிற இடத்தில் உணர்ச்சி இல்லை! இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் யார்? ஊரிலேயே பிறந்து, சர்வே படித்த டிப்ளமோக்காரன்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். படிக்கும்போதே செய்யக்கூடிய நாலு காரியம் சொல்கிறேன்.

1. கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை நடத்துவது என்று தமிழ்நாடு அரசு 2022-இல் முடிவு செய்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்தான். பதினெட்டு முடிந்த நமக்கும் அங்கே இடம் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதியிருக்கிறார்களா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பதிவேடு காகிதத்தில் மட்டும் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு மரம், பறவை, சுனை, மேய்ச்சல் தரை என்று விவரங்களைச் சேர்க்க உதவுங்கள். பாட்டிமார்களை விட்டுவிடாதீர்கள். மூலிகை விஷயத்தில் அவர்கள்தான் நூலகம்.

3. உங்கள் ஊர்க் கரடு, ஓடை, கண்மாய், ஊருணி இவற்றின் சர்வே நம்பர், பரப்பு, பதிவேட்டில் உள்ள வகைப்பாடு மூன்றையும் ஒரே தாளில் பட்டியல் போடுங்கள். பக்கத்தில் ஒரு வரைபடம். இது நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஊருக்கு அது பெரிய ஆயுதம்.

4. தீர்மானம் போட்டால் அதன் நகல் ஒரு இடத்துக்கு மட்டும் போகக் கூடாது. கலெக்டர், மாவட்ட வன அலுவலர், கனிமவளத்துறை, சென்னையில் உள்ள மாநிலப் பல்லுயிர் வாரியம் நான்குக்கும் போக வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை வேலைக்குப் போனபின் ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. எஸ்டிமேட் போடும்போது, ஏரியா அளக்கும்போது, ‘இங்கே ஒன்றுமில்லை, காலி இடம்’ என்று எழுதச் சொல்வார்கள். சுனை இருந்தால் சுனை என்று எழுத வேண்டும். ஓடை இருந்தால் ஓடை என்று வரைய வேண்டும். அதற்காக நாம் போராட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததை ஃபீல்டு புக்கில் அப்படியே பதிவு செய்தால் போதும். நம் சர்வே வாத்தியார்கள் முதல் வருடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதும் அதுதானே!

நண்பர்களே, வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. ரோடும் வேண்டும், கட்டடமும் வேண்டும், அதற்குக் கல்லும் வேண்டும், கார்பைடு டிப்பும் வேண்டும். சிவில் படிக்கிற நானே கல் வேண்டாம் என்றால் எப்படி? எந்தக் கல்லை எடுக்கலாம், எந்தக் கல்லைத் தொடக்கூடாது என்பதை அந்தக் கல்லின் நிழலில் வாழ்கிறவர்களையும், அந்த மலைப் பிராணிகளைக் காக்கும் பொறுப்புள்ளவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. ஏலம் முடிந்தபின் கேட்பதைவிட, கோடு போடுவதற்கு முன்னால் கேட்பது எல்லோருக்கும் நல்லது, செலவும் குறைவு.

அரிட்டாபட்டிக்கு ஊர் கூடி நின்றது, பதிவும் இருந்தது. பதிவே இல்லாத கரடுகள் நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அதன் சர்வே நம்பர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அதிலிருந்து ஆரம்பிப்போம்!